முத்துப்பையும் காவல் செல்களும்: எபிதீலியத்தின் பங்கு குறித்து

சிப்பிக்குள் மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்பதைத் தூத்துக்குடிப் பள்ளிப் பிள்ளைகள்கூட இன்று நம்பமாட்டார்கள். அதற்குப் பதிலாக நாம் சொல்லிவரும் மணல்துகள் கதையும் அதைவிடப் பெரிதாக மேலானதல்ல. உறுத்தும் பொருளைச் சிப்பியின் நோய்த்தடுப்பு செல்கள் பூசி மூடுவதே முத்து என்பது அதன் அறிவியல் வேடம். முத்தை விளைவிப்பது எபிதீலியம், அதாவது உடற்பரப்பைப் போர்த்தும் செல் படலம். காவல் செல்கள் அது வகுத்த எல்லைக்குள் வேலை பார்ப்பவை என்பதே என் வாதம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும் ஹார்னெலும், நாடாப்புழுவின் இளவுயிரியே முத்துக்குக் கரு என்றார்கள். அத்தகைய புழுக்கள் சிப்பியின் உடலில் இருப்பது உண்மை. ஆனால் சிப்பியின் காவல் செல்களான ஹீமோசைட்டுகள் எனும் இரத்த செல்கள் அவற்றைச் சூழ்ந்து நார் உறை கட்டிவிடுகின்றன. உறைதான், முத்தல்ல.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 12 ஆண்டு கழித்து, 1973இல், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்தார். அந்தச் செய்முறையையே நான் சான்றாக வைக்கிறேன். மட்டி ஓட்டில் கடைந்த மணியோடு, வேறொரு சிப்பியின் மேன்டில் எனும், ஓட்டைச் சுரக்கும் சதைமடலின் ஓரத்திலிருந்து 2–3 மில்லிமீட்டர் அளவில் நறுக்கிய துண்டையும் சேர்த்து இனப்பெருக்கச் சுரப்பிக்குள் வைக்கிறார்கள். மணி மட்டும் போனால் முத்து விளையாது. துண்டும் போனால், முதலில் காயத்துக்கு ஹீமோசைட்டுகள் திரண்டு வந்து மணியைச் சுற்றிப் படிகின்றன. பிறகு துண்டின் எபிதீலிய செல்கள் பெருகிப் படர்ந்து முத்துப்பையாக மூடிக்கொள்கின்றன. காயம் ஆறியதும் ஹீமோசைட்டுக் கூட்டம் கலைகிறது. விளைந்த முத்தின் நிறத்தில் துண்டு கொடுத்த சிப்பியின் சாயல் தெரியும்.

மனிதத் தோலிலும் இதே அதிகார வரிசைதான். 1868இல் பெர்லின் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் மேல்தோலில் கண்ட கிளைத்த செல்களை நரம்பைச் சேர்ந்தவை என்றே எண்ணினார். அவை காவல் செல்கள் என்று தெளிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிறக்குமுன்பே தோலில் குடியேறி அங்கேயே பெருகும் அவற்றை வாழவைப்பது, மேல்தோலின் எபிதீலிய செல்களான கெரட்டினோசைட்டுகள் சுரக்கும் இன்டர்லூகின்-34 எனும் புரதம். அந்தப் புரதம் இல்லாத எலிகளின் மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் ஏறக்குறைய அற்றுப்போவதை 2012இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வீட்டுக்காரர் சோறு போட்டால்தான் காவலுக்கு ஆள் நிற்கும்.

மனித நோய்த்தடுப்பில் உள்ள லிம்ஃபோசைட் எனும் வெள்ளணு சிப்பிக்குக் கிடையாது; ஆகவே ஒப்புமையை மூலக்கூறு வரை இழுக்கமாட்டேன். என் வாதத்துக்கு மெய்யான இடைஞ்சல் வேறு. அமெரிக்கக் கிழக்குக் கரையின் உணவுச் சிப்பியில் ஹீமோசைட்டுகளே கால்சைட் படிகங்களைச் சுமந்து, ஓடு வளரும் முகப்புக்குக் கொண்டுசெல்வதாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் கொத்தனார் யார், சித்தாள் யார்? சுமை காவல் செல்லின் தலையில் இருக்கலாம். ஆனால் அது இறங்கும் இடம் மேன்டில் வேலை நடத்தும் விளிம்பு. அந்த எபிதீலியம் அருகில் இல்லாத புழு உறையில், எத்தனை ஹீமோசைட்டுகள் திரண்டாலும் முத்துப்பூச்சு படிவதில்லை.