கலை அமைப்புகளின் ஆட்சிக்குழுக்களில் கலைஞர்களின் இடம்: சென்னைச் சபைகள் முதல் வல்லம் வடகால் வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் கலை வளர்ச்சியை நோக்கமாகக் கொண்டு தோன்றிய பொது அமைப்புகளின் ஆட்சிக்குழுக்களில் யார் யார் இடம்பெற்றனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. சுகுண விலாச சபை, சங்கீத வித்வத் சபை, தமிழ் இசைச் சங்கம், திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனை, சோழமண்டலம், கலாக்ஷேத்ரா, கட்டைக்கூத்துச் சங்கம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கலைஞர்கள் ஆட்சிக்குழுவில் இடம்பெறுவதைப் பெரும்பாலும் நிலவுடைமையும் நிதி வரும் வழியுமே தீர்மானித்துள்ளன. அமைப்பின் குறிக்கோளோ சட்டமோ அதனைத் தீர்மானிக்கவில்லை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆட்சிக்குழு, புரவலர், சபை, கட்டைக்கூத்து, நிறுவனச் சமூகப் பொறுப்பு, வல்லம் வடகால்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த வல்லம் வடகால் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே பரவலாக அறியப்படுகிறது. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலை 2017இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதே மாவட்டம் கட்டைக்கூத்து வழங்கும் வடதமிழகப் பரப்பின் ஒரு பகுதியாகும். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு முழுதும் பாரதக் கூத்து ஆடும் மரபு இப்பரப்பில் நீண்ட காலமாக நிலவி வருகிறது. பெருந்தொழிலின் செல்வமும் ஊர்க்கலையின் தேவையும் ஒரே மாவட்டத்தில் அருகருகே நிற்கும்போது, இவற்றை இணைக்கும் அமைப்புகளில் முடிவெடுப்பவர் யார் என்னும் வினா எழுகிறது. இவ்வினா புதியதன்று, அதற்கு நூற்றாண்டைக் கடந்த முன்வரலாறு உண்டு.

சட்டம் வகுத்த வடிவம்

அரசரும் கோயிலும் ஊரும் கலைஞரைப் புரந்த காலத்தில் ‘ஆட்சிக்குழு’ என்னும் கருத்து இல்லை. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் இலக்கியம், அறிவியல், அறப்பணி ஆகியவற்றோடு நுண்கலை வளர்ச்சிக்காகவும் சங்கம் அமைக்க வழிசெய்தது. தமிழகத்தில் அதன் இடத்தைப் பெற்ற 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், சங்க நிருவாகத்துக்குக் குறைந்தது 3 உறுப்பினர் கொண்ட குழு வேண்டும் என்றும், அவர்தம் பதவிக்காலம் 3 ஆண்டுகளை விஞ்சலாகாது என்றும் விதிக்கிறது. எண்ணிக்கையையும் காலத்தையும் வரையறுத்த சட்டம், கலைச் சங்கமாயின் குழுவில் கலைஞர் இடம்பெற வேண்டும் என்று கூறவில்லை. சட்டம் விட்டுவைத்த இவ்விடத்தை ஒவ்வொரு காலத்தின் சமூக உறவுகளே நிரப்பின.

ஆர்வலர் நடிகர்: சுகுண விலாச சபை

பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. அதில் நடித்தவர்களே உறுப்பினராகவும் இருந்தனர். ஆயினும் அவர்கள் நடிப்பால் வாழ்ந்தவர்கள் அல்லர். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பட்டதாரிகளுமே மிகுந்திருந்தனர். சம்பந்த முதலியாரே பின்னாளில் நீதிபதியாகப் பணியாற்றினார். ‘கூத்தாடி’ என்று இழித்துரைக்கப்பட்ட தொழிலுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தது சபையின் பெருஞ்சாதனை. ஆனால் அம்மதிப்பு, கூத்தையே வாழ்வாகக் கொண்டவரைச் சபைக்குள் சேர்த்ததனால் வந்ததன்று. மதிப்புடையோர் மேடையேறியதனால் வந்தது. கலையை உயர்த்துதலும் கலைஞரை உயர்த்துதலும் வெவ்வேறு பணிகள் என்பதை இது உணர்த்துகிறது.

சங்கீத வித்வத் சபை: ஆட்சியும் ஆலோசனையும்

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் விளைவாகச் சங்கீத வித்வத் சபை உருவாகி, 1928 ஆகஸ்டில் சர் சி. பி. இராமசாமி ஐயரால் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் தலைவர் மருத்துவரும் அரசியலாளருமான டாக்டர் யு. இராமராவ். செயலாளருள் ஒருவரான இ. கிருஷ்ண ஐயர் வழக்கறிஞர். பின்வந்த தலைவர்களான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், டி. எல். வெங்கடராம ஐயர் ஆகியோரும் சட்டத்துறையினரே. இசைவாணர்களுக்குத் தனியே வல்லுநர் குழு அமைந்தது. இராக இலக்கணம் முதலியவற்றை ஆராய்வது அக்குழுவின் பணி. நிதி, கட்டடம், நிகழ்ச்சி ஆகியவற்றை முடிவு செய்தது செயற்குழு. ஆண்டு மாநாட்டுக்கு இசைவாணர் தலைமை தாங்கினார்; அமைப்புக்கு இசைவாணர் அல்லாதார் தலைமை தாங்கினர்.

இப்பிரிவினையால் விளைந்த நன்மைகளை மறுத்தல் இயலாது. கணக்கும் சட்டமும் அறிந்தோரின் உழைப்பால் ஆய்விதழும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் பின்னர் 1962இல் திறக்கப்பட்ட அரங்கமும் உருவாயின. செயற்குழு உறுப்பினர் ஒருவரின் துணிவு கலை வரலாற்றையே திருப்பியதும் உண்டு. இ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் 1931இல் கல்யாணியின் புதல்வியர் இச்சபை மேடையில் சதிர் ஆடினர். தேவதாசி மரபுக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றிருந்த காலத்தில் இது எளிய முடிவன்று. ஆயினும் அம்மரபினர் மேடைக்கு அழைக்கப்பட்டனரேயன்றி, முடிவெடுக்கும் குழுவுக்கு அழைக்கப்பட்டிலர். மாநாட்டுத் தலைமையை ஒரு பெண் ஏற்பதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு எம். எஸ். சுப்புலட்சுமியும் 1973இல் த. பாலசரஸ்வதியும் அவ்விடத்தைப் பெற்றனர்.

தமிழ் இசைச் சங்கம்: மாற்றுக் கொள்கை, ஒத்த அமைப்பு

மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தின் பயனாக, இராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. ஆர். கே. சண்முகம் செட்டியார் அதன் தலைமையை ஏற்றார். வங்கியாளரும் நிருவாகியும் முன்னின்ற இவ்வமைப்பில், ஓதுவார்களும் இசைவாணர்களும் புலவர்களும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் பெரும்பங்காற்றினர். சங்கீத வித்வத் சபையோடு கொள்கையில் எதிர்நின்ற இச்சங்கம், அமைப்பு முறையில் அதனை ஒத்திருந்தது. ஆட்சி புரவலர்களிடம், ஆலோசனை கலைஞர்களிடம் என்னும் பகுப்பை இரண்டும் ஏற்றன. தமிழிசை விவாதத்தை மொழிப் பூசலாக மட்டும் காணும் ஆய்வுகள் கவனிக்கத் தவறும் ஒற்றுமை இது.

நிலம் தந்த உரிமை: திருவையாறும் சோழமண்டலமும்

இதற்கு மாறான வழி திருவையாற்றில் தோன்றியது. தியாகராசர் ஆராதனையை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டும் பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தியாகராசர் சமாதிக்குரிய இடத்தைப் பெற்றுத் திருப்பணி செய்தார். 1921இல் தொடங்கிய பணி 1925இல் நிறைவெய்தியது. குழுக்கள் இடமளிக்காத நிலையில், 1927 முதல் பெண்களின் தனி ஆராதனையை அவர் நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் மூன்று தரப்பும் ஒன்றிணைந்தபோது பெண்கள் பாடும் உரிமை நிலைபெற்றது. வேண்டுகோளால் கிட்டாத இடம், சமாதிக் கோயிலின் உரிமை அவர் கையில் இருந்தமையால் கிட்டியது.

ஓவியத் துறையிலும் இதற்கு இணையான சான்று உண்டு. கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய வருவாய் நிலம் வாங்க உதவியது. வெளிப் புரவலரைச் சாராத வருவாய் இருந்தமையால், கிராமத்தின் நிருவாகமும் ஓவியர்களிடமே நின்றது.

கலாக்ஷேத்ரா: நிறுவனரிலிருந்து அரசுக்கு

ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்ராவில் கலைஞரும் ஆட்சியாளரும் ஒருவரே. அவர் 1986இல் மறைந்த பின், கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம், 1993 அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்து, ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு ஆகியவற்றை வகுத்தது. ஆட்சிக்குழுத் தலைவரை நடுவணரசு நியமிக்கிறது. கலைஞரும் குழுவில் நியமனம் பெறலாம்; ஆனால் சக கலைஞர்களின் தேர்வு அதற்கு அடிப்படையன்று. தனி ஆளுமையை அச்சாகக் கொண்ட அமைப்பில், அவருக்குப் பின் ஆட்சி வேறு கைக்கு மாறுவதை இங்குக் காண்கிறோம்.

கட்டைக்கூத்துச் சங்கம்

மேற்கண்ட அமைப்புகள் யாவும் சென்னை நகர்சார்ந்தவை, அல்லது செவ்வியல் மதிப்புப் பெற்ற கலைகளைச் சார்ந்தவை. ஊர்ப்புறக் கூத்துக்கு நிலைமை வேறு. கூத்துக் குழுவான ஜமா, வருவாயைப் பங்கு முறையில் பகிர்ந்துகொள்ளும் தொழிற்குழு. ஆட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர் ஊர்ப் பெரியோரும் விழாக் குழுவினரும். குறிப்பிட்ட குடியினர் குறிப்பிட்ட ஊர்களில் ஆடும் முறையுரிமையும், அதனோடு ஒட்டிய சாதித் தாழ்வும் சேர்ந்தே தொடர்ந்தன.

இப்பின்னணியில், கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் முன்னின்று 1990இல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு கட்டைக்கூத்துக் கலை வளர்ச்சி முன்னேற்றச் சங்கம் அமைந்தது. தொழில்முறை நடிகரும் இசைஞரும் தாமே சங்கம் கண்டனர் என்பதே இதன் தனித்தன்மை. ஆய்வறிஞர் ஹன்னா டி புருயின் இதில் இணைந்து பணியாற்றினார். ‘தெருக்கூத்து’ என்னும் பெயரை விடுத்துக் கட்டை அணிகலன்களால் பெற்ற ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரைச் சங்கம் வலியுறுத்தியது. தம் கலையின் பெயரைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை இதில் காணலாம். 2002இல் புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்துப் பயிற்சியையும் அளித்தது; ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்தில் பெண் குழந்தைகளுக்கும் இடம் தந்தது. கலைஞரே முடிவெடுத்தால் மரபு மாற்றமின்றி உறைந்துவிடும் என்னும் கருத்துக்கு இது தக்க மறுப்பு. எனினும் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஆட்சி கலைஞரிடம் இருப்பினும், நல்கைகளைச் சார்ந்த கல்விப்பணி நீடிப்பது அரிது என்பதை அதன் முடிவு காட்டுகிறது.

தொழில் வழித்தடமும் புதிய புரவலரும்

2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் வழிப் புதிய புரவலரை உருவாக்கியது. வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுமங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மரபுக்கலை, கைவினை வளர்ச்சி ஆகியவை ஏழாம் அட்டவணையில் இடம்பெறுகின்றன. நிறுமம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஆயினும் இது வழிகாட்டுதல் என்ற அளவிலேயே கொள்ளப்படுகிறது. வல்லம் வடகாலில் ஆலை கொண்ட ராயல் என்ஃபீல்டு, யுனெஸ்கோவுடன் இணைந்து இமயமலைப் பகுதிகளின் மரபுச் செல்வங்களைக் காக்கும் திட்டத்தை மேற்கொண்டுள்ளது. இமயப் பயணங்களோடு இணைத்து அறியப்படும் நிறுவனத்துக்கு இது இயல்பான தெரிவு. ஆனால் ஆலை நிற்கும் மண்ணின் கலை கணக்கில் வருமா என்பதை நிறும இயக்குநர்களே முடிவு செய்கின்றனர் என்பதற்கு இது தெளிவான சான்று. ஆக, இன்றைய கூத்துக் கலைஞரின் வாழ்வு இரு குழுக்களின் முடிவைச் சார்ந்துள்ளது: நிதி வழங்கும் நிறுமத்தின் குழு ஒன்று, நிதி பெறும் சங்கத்தின் குழு மற்றொன்று. முன்னதில் கலைஞருக்கு இடமில்லை. பின்னதிலும் இடமில்லையாயின், அவர் பெறுநராக மட்டுமே நிற்பார்.

முடிவுரை

ஆட்சிக்குழு உறுப்பினர் பட்டியல் கலை வரலாற்றின் புறச்செய்தி அன்று என்பதை மேற்கண்ட சான்றுகள் நிறுவுகின்றன. எதை ஆடுவது, யார் ஆடுவது, எப்பெயரால் அழைப்பது ஆகிய முடிவுகள் அக்குழுக்களில் எடுக்கப்பட்டன. புரவலர் குழுக்கள் கட்டடத்தையும் தொடர்ச்சியையும் தந்தன. கலைஞரைப் பெரும்பாலும் ஆலோசகராக நிறுத்தின. கலைஞர் குழுக்கள் உரிமையையும் புதுமையையும் தந்தன. நிலமோ சொந்த வருவாயோ அமைந்த இடங்களில் அவை நிலைத்தன. கலைஞர் தம் நிகழ்ச்சியைத் தாமே தெரிவு செய்யும் நிலையில் நடுநிலை கெடும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், தமக்குத் தொடர்புடைய பொருளில் வாக்களியாது விலகும் விதி அதனைத் தீர்க்கும். கலைஞரையே விலக்குதல் தீர்வாகாது.

எனவே, கலைச் சங்கங்களின் துணைவிதிகளில் தொழில்முறைக் கலைஞர்க்குத் தேர்தல் வழியிலான இடங்களை உறுதிசெய்வதும், நிறும நிதியில் ஒரு பகுதியை நிலையான வைப்புநிதியாகச் சங்கத்துக்கு அளிப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பயன்தராது என்பதே திருவையாறும் புஞ்சரசந்தாங்கலும் வல்லம் வடகாலுக்குத் தரும் பாடமாகும்.