உப்புக்காற்றில் மோட்டார் சைக்கிள்

இலங்கையில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகியது 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு. அடுத்து இந்திய பஜாஜ் வந்தது. பழைய சிறுவண்டிகள் பலவற்றில் மக்னெற்றோவே தீப்பொறி தந்ததால், பெற்றரி செத்தாலும் உதைத்துக் கிளப்பலாம். பெட்ரோலை ஊசிமூலம் செலுத்தும் புதுவண்டிகள் அப்படியல்ல. மின்சாரம் அற்றால் நின்றுவிடும். புத்தளம், பாலாவி உப்பளங்களையும் கற்பிட்டிக் கடலையும் தொட்டுவரும் காற்று செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. ஆகவே திடீரென எல்லாம் அணைந்தால், பெற்றரியைக் குறைசொல்வதற்குமுன் அதன் முனைகள், பிரதான பியூஸ், சட்டத்தில் பூட்டிய எர்த் வயர், சாவிச் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்ப்பதே முறை. புதுப் பியூஸும் உடனே எரிந்தால், பெரும்பாலும் எங்கோ தோலுரிந்த வயர் சட்டத்தில் படுகிறது. அங்கே பெரிய பியூஸ் போடுவது வைத்தியமல்ல, வயரையே எரித்துவிடும்.