தபாலில் வளர்ந்த தன்னம்பிக்கை

மேற்கே கல்வராயன் மலை உயர்ந்து நிற்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். 1910-ஆம் ஆண்டில் இவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டில் 22 வயது இளைஞர் ஒருவர், இங்கிருந்த டெபுடி கலெக்டரிடம் எழுத்தர் வேலை கேட்டு வந்தார். கணிதம் தவிரப் பிற பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், அமைதியும் கூச்சமும் மிக்கவர். தம்மைப்பற்றிப் பெருமையாகப் பேசத் தெரியாத அவர், தம் கணித நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர். நோட்டைப் புரட்டிய அவர் வேலை கொடுக்கவில்லை! வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் இம்மேதை முடங்கிப்போவார் என்று கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

ஓர் அரசு அதிகாரிக்கு நோட்டின் மதிப்பு எப்படி விளங்கிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தாம். அக்கழகம் பெரிதும் தபாலை நம்பியே நடந்தது. உறுப்பினர்கள் நாட்டின் பல மூலைகளில் இருந்தனர். நூலகம் புனேயில் இருந்தது. கணித இதழ்கள் தபால் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றன. முகம் பாராமல் சேர்ந்து உழைக்கும் முறை கணினி வருவதற்கு முன்பே இங்கு இருந்தது அன்றோ!

1911-இல் அக்கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி வெளியிட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) = ?

மூன்று இதழ்கள் வெளிவந்தன. எவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையைத் தந்தார். நீங்களும் முயன்று பாருங்கள். 3 என்பது √(1 + 2×4). அதிலுள்ள 4 என்பது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). இப்படியே முடிவின்றிச் செல்லும். ஆகவே விடை 3.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் விளையவில்லை. இம்முறை சுமார் 120 தேற்றங்களைக் கடிதத்துடன் இணைத்திருந்தார். பிப்ரவரி 8 தேதியிட்டு ஹார்டியின் பதில் வந்தது. வெறும் பாராட்டாக இல்லாமல், நிரூபணங்களைக் கேட்டது அக்கடிதம். அவர் இட்ட கணக்கை ஒருவர் ஊன்றிப் படித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. ராமானுஜன் மேலும் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914-இல் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இங்கே ஒரு வியப்பு: ஹார்டியும் பெருங்கூச்சக்காரரே! அவரும் லிட்டில்வுட்டும் ஒரே கல்லூரியில் இருந்தும் பெரும்பாலும் கடிதம் எழுதியே சேர்ந்து ஆய்வு செய்தனர். அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளை ஹரால்டு போர் என்னும் கணித அறிஞர் கூறியுள்ளார். எழுதுவது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வந்த கடிதத்துக்கு உடனே பதில் எழுதும் கட்டாயமும் இல்லை. பிழைக்கு அஞ்சாமல் எழுதவும், மௌனத்தை நிராகரிப்பாக எண்ணாமல் இருக்கவும் இவ்விதிகள் இடமளித்தன எனலாம்.

இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டறையில் அமர்ந்து, தொலைதூர நிறுவனத்துக்குக் கணினி வழியே உழைப்பவர்கள் உண்டு. திரையில் பத்து முகங்கள் தோன்றியதும் வாயடைத்துப் போகிறவர், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று எண்ண வேண்டியதில்லை. ராமானுஜன் பேச்சாளராக மாறி உயரவில்லை. செய்ததை எழுதி வைத்தார். எழுதியதைத் துணிந்து அனுப்பினார். பதில் வராதபோதும் அடுத்தவருக்கு எழுதினார்.

எனினும் பாதிப் பொறுப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. திருக்கோவிலூரில் அந்த நோட்டு திறக்கப்படாமலே போயிருந்தால், வந்தவர் எழுத்தர் வேலையோடு நின்றிருக்கக்கூடும். நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தின் தலைவராகலாம். அப்போது குறைவாகப் பேசுகிறவரின் நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.