இரண்டு சராசரிகளும் ஒரு சந்தேகமும்

1971ஆம் ஆண்டுக்கான இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. பேராதனை மருத்துவத்துக்கு முறையே 229, 250. மொத்தப் புள்ளிகள் 400. தரப்படுத்தல் என்று பின்னாளில் பெயர் பெற்ற வரலாற்றின் தொடக்கம் இது. இதைப் பற்றி அரசியலாக எழுதப்பட்டவை ஏராளம்; நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் இதன் நடுவே ஒரு புள்ளிவிபரவியற் கேள்வி இருந்தது. அதை உரிய முறையில் கேட்டிருந்தால் கதை வேறாயிருக்கும் என்று எண்ணுவதால், இன்று அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 23 புள்ளி வேறுபாடு எங்கே வலித்தது என்பதை அறியப் பருத்தித்துறைக்குப் போகவேண்டும். 1838இல் பேர்சிவல் பாதிரியாரின் முயற்சியால் தொடங்கிய வெஸ்லியன் மிஷன் பாடசாலையே 1916இல் ஹாட்லிக் கல்லூரியாயிற்று. டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் பயின்ற கணிதப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் அங்கே படித்தவர். பேராதனையில் பொறியியற் பேராசிரியராயிருந்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான அ. துரைராஜாவும் அவ்வாறே. கற்பாறையும் கடலும் தவிரப் பெரிய வளமில்லாத வடமராட்சியில், தூயகணிதமும் பிரயோககணிதமும் ஏறக்குறையக் குடிசைக் கைத்தொழில்போல நடந்தன. வெங்காயச் செய்கையாளரின் மகனும் கடற்றொழிலாளியின் மகனும் ஊரை விட்டு வெளியே போக அதுவே பாதை. 240 புள்ளி எடுத்த ஹாட்லி மாணவனொருவன் அந்த ஆண்டு பொறியியலாளனாக முடியாது. அதே வினாத்தாளுக்குச் சிங்களத்தில் விடையெழுதி 230 எடுத்தவன் ஆகலாம்.

ஏன் இந்த ஏற்பாடு? தாய்மொழிக் கல்வி உயர்தர விஞ்ஞான வகுப்புவரை வந்தபின், தமிழ் விடைத்தாள்களைத் தமிழ்ப் பரீட்சகரும் சிங்கள விடைத்தாள்களைச் சிங்களப் பரீட்சகரும் திருத்தினர். தமிழ் மாணவரின் பெறுபேறு உயர்ந்திருந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தம்மவருக்குத் தாராளமாகப் புள்ளி வழங்கினார்கள் என்ற சந்தேகம் பரவியது. சந்தேகப்படுவது குற்றமன்று. சந்தேகத்தைச் சோதிக்க அன்றைக்கே அறுபது ஆண்டுப் பழைமையுள்ள கருவி ஒன்று இருந்தது.

டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய வில்லியம் கொசெற் 1908இல் வெளியிட்ட கட்டுரையே அது. தம் பெயரில் எழுத நிறுவனம் இடந்தராமையால், ‘ஸ்டூடன்ற்’, அதாவது ‘மாணவன்’ என்ற புனைபெயரில் எழுதினார். (மாணவர் வாழ்வோடு பின்னாளில் இத்தனை விளையாடப்போகும் துறைக்குப் பொருத்தமான பெயர்தான்.) சிறிய மாதிரி ஒன்றின் இடையைக்கொண்டு முழுக் குடித்தொகையின் இடையைப் பற்றி எவ்வளவு துணிந்து பேசலாம் என்பதே அவர் கேட்ட கேள்வி.

பருத்தித்துறைத் தட்டைவடையைக் கொண்டு விளக்குகிறேன். கடைக்காரர் தம் வடையின் சராசரி நிறை 20 கிராம் என்கிறார் எனக் கொள்வோம். ஒன்பது வடைகளை நிறுத்தால் இடை 19 கிராம், நியம விலகல் 1.5. ஒரு கிராம் குறைவுதான். அதனால் அவர் ஏமாற்றுக்காரரா? 1.5ஐ ஒன்பதின் வர்க்கமூலமான 3ஆல் வகுத்தால் நியம வழு 0.5. குறைவான ஒரு கிராம் அதன் இரண்டு மடங்கு. ஒன்பது வடைக்கு 5 வீத மட்டத்தில் எல்லை 2.306. இரண்டு அதைத் தாண்டவில்லை. கடைக்காரரின் கூற்றை நிராகரிக்க இந்தச் சான்று போதாது. இதே ஒரு கிராம் குறைவு 36 வடைகளில் தென்பட்டால் நியம வழு 0.25 ஆகும், விகிதம் நான்கு. அப்போது கூற்றை நிராகரிக்கலாம். நிராகரித்தபின்னும் வடை ஏன் சிறுத்தது என்று சோதனை சொல்லாது. மா குறைந்ததா, தட்டியவர் மாறினாரா, தராசு பிழையா என்பது தனி விசாரணை.

தரப்படுத்தலின் முதற் கோளாறு இங்கேதான். தமிழ்மொழிமூல இடை உயர்ந்திருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் பரீட்சகரின் தாராளமா, மாணவரின் பயிற்சியா, வினாத்தாளின் மொழிபெயர்ப்பா? இரண்டு இடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதால் மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிக்க வழி இருந்தது. இரு மொழியிலுமிருந்து விடைத்தாள்களை எழுமாறாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரு தரப்புப் பரீட்சகரும் தனித்தனியே திருத்த, ஒரே தாளுக்குக் கிடைத்த புள்ளிகளின் வேறுபாட்டின் சராசரி பூச்சியமா என்று சோதிக்கலாம். பிரயோககணித விடைத்தாளில் பெரும்பகுதி குறியீடுகளே. அவற்றுக்கு மொழி ஏது?

1973இல் நடைமுறைக்கு வந்த முறை எந்தச் சோதனையின் முடிவுக்கும் கட்டுப்பட்டதாக இருக்கவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் பொதுவான இடைக்கும் நியம விலகலுக்கும் மாற்றினார்கள். தமிழ்மூல இடை 50, சிங்களமூல இடை 45, இரண்டிலும் நியம விலகல் 10 எனக் கற்பனை செய்யுங்கள். தமிழில் 60 எடுத்தவரும் சிங்களத்தில் 55 எடுத்தவரும் ஒரே நிலைக்கு வருவர். தமிழ்ப் பரீட்சகர் உண்மையிலேயே ஐந்து புள்ளி கூட்டிப் போட்டிருந்தால் இது நீதி. போடாதிருந்தால் மாணவரிடமிருந்து ஐந்து புள்ளி பறிக்கப்பட்டது. சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ‘இரு குடித்தொகைகளின் உண்மையான இடைகளும் சமம்’ என்பது சோதிக்கப்பட வேண்டிய கருதுகோள். இங்கோ அதுவே சூத்திரத்தின் முதல் வரியாயிற்று. நிராகரிக்கப்படும் வாய்ப்பே இல்லாத கருதுகோளை நெய்மனும் பியர்சனும் (இவர்கள் 1933இல் இச்சோதனைக்கு இலக்கணம் வகுத்தவர்கள்) அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள்.

குடித்தொகை என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருந்தது. பரீட்சைக்குத் தோற்றியவர்கள் தமிழர் அனைவரினதும் மாதிரி அல்லர், சிங்களவர் அனைவரினதும் மாதிரியும் அல்லர். ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகளிலிருந்து வடிகட்டப்பட்டு வந்தவர்கள். 1969இல் விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்கு அனுமதி பெற்றோரில் 27.5 வீதத்தினர் வடமாகாணத்தினர். நாட்டின் சனத்தொகையில் அம்மாகாணத்தின் பங்கோ ஏறத்தாழ 7 வீதம். மொனராகலையில் ஆய்வுகூடம் இல்லை என்பது மெய். மன்னாரிலும் மட்டக்களப்பிலும் நிலை பெரிதும் வேறல்ல என்பதும் மெய். யாழ்ப்பாணத்து எழுத்துகள் இதைக் குறைவாகவே சொல்லும். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு குறைந்தபட்சம் தன்னை வெளிப்படையாக ஒதுக்கீடு என்று சொல்லிக்கொண்டது. பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கும் அதனால் இடங்கள் கிடைத்தன. அதை ஏற்கலாம், எதிர்க்கலாம், வாதிக்க இடமுண்டு. மொழிவாரித் தரப்படுத்தல் அப்படியன்று. அது ஒரு சாராரின் நேர்மை மீதான குற்றச்சாட்டைக் கணிதமாக உருமாற்றியது. 1974இல் வடமாகாணத்தின் பங்கு 7 வீதத்துக்கு இறங்கிற்று. 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகிவிட்டது. அதன் பின்னர் நடந்தவற்றை உலகெங்குமுள்ள வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பலர் அதன் விளைவாகவே அங்கங்கே இருக்கிறீர்கள்.

மொழிவாரித் தரப்படுத்தல் 1977 ஆட்சிமாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. சராசரி பற்றிய தகராறு மட்டும் முடியவில்லை. 2001/2002 கல்வியாண்டுக்கான அனுமதியிலிருந்து ‘இசட் புள்ளி’ வந்தது. புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது. கருவி ஏறத்தாழப் பழையதே. இம்முறை பிரிப்பு மொழிக்கிடையே அல்ல, பாடங்களுக்கிடையே. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாகவும் வேறொன்று இலகுவாகவும் இருந்தால் அதை ஈடுசெய்ய இது நியாயமான வழி. கருவி கெட்டதல்ல, எந்தக் கூட்டத்தின் இடையைக் கழிக்கிறோம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2011 ஆகஸ்டு உயர்தரப் பரீட்சையில் அதுவும் சிக்கிற்று. பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுத, இருசாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 1971இல் ஒரே வினாத்தாள் எழுதியவர்களை இரண்டாகப் பிரித்த நாடு, நாற்பது ஆண்டுக்குப்பின் இரண்டு வினாத்தாள் எழுதியவர்களை ஒன்றாக்கியது. மாணவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். இவை இரு வேறு குடித்தொகைகள், தனித்தனியே கணிக்கப்படவேண்டும் என்று 2012 ஜூனில் தீர்ப்பாயிற்று. குடித்தொகை என்றால் என்ன என்பதை நீதியரசர்கள் வரையறுக்க நேர்ந்த அரிய வழக்குகளில் அது ஒன்று. புள்ளிகள் மீண்டும் கணிக்கப்பட்டன. அந்த அணி மாணவர்கள் பல்கலைக்கழக வாசலை மாதக்கணக்கில் தாமதமாக மிதித்தார்கள்.