திருச்சுழிச் சீமையில் பெயரெழுதிய வரலாறு

அருப்புக்கோட்டையும் அதற்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழியும் சேர்ந்த வானம் பார்த்த சீமையில், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை எக்காலத்தும் குடும்பத்தாரிடமே இருந்து வந்துள்ளது. ஆனால் வைத்த பெயரை எந்த எழுத்தால் எழுதுவது என்று முடிவு செய்யும் உரிமை, அண்மைக்காலம் வரை, கல்தச்சர், கணக்குப்பிள்ளை, பள்ளித் தலைமையாசிரியர், தாலுகா குமாஸ்தா என எழுதுகோல் பிடித்தவர்கள் கையிலேயே இருந்தது.

மூத்த பிள்ளைக்குப் பாட்டன் பாட்டி பெயரையும், அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குலதெய்வத்தின் பெயரையும் இடுவது இங்கே பொது வழக்கு. கருப்பசாமி, முனியாண்டி, இருளப்பன், இருளாயி ஆகியவை அவ்வாறு வந்த பெயர்கள். திருச்சுழிச் சிவன் கோயிலில் உறையும் திருமேனிநாதருக்குப் பூமிநாதர் என்றும் பெயர் உண்டு என்பதால், பூமிநாதன் என்பது இந்த வட்டாரத்தில் பழகிய பெயர்; அம்மனுக்கு வழங்கும் துணைமாலை என்ற பெயரோ வெளியூர்க்காரர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத்தான் எழுத முடியும். பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பாண்டி, குப்பம்மாள் என்று பெயரிட்டதும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்கிய பேரனை அவன் தாய் அப்பெயரால் கூப்பிட மாட்டாள், ஏனெனில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டது. ஆகவே வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் ஏட்டில் எழுத ஒரு பெயருமாக ஒரே பிள்ளை இரண்டு பெயர்களோடு வளர்ந்தது.

ஏட்டுக்கு முன்பு கல் இருந்தது. பாண்டியர் கல்வெட்டுகள் திருச்சுழியைத் திருச்சுழியல் என்ற பெயரில் பருத்திக்குடி நாட்டு ஊராகக் குறிக்கின்றன. அன்றைய பாண்டி நாட்டில் பெருவழக்காக இருந்தது வட்டெழுத்து, அதாவது கோடுகள் வளைந்து உருண்டு செல்லும் பழைய தமிழ் எழுத்துமுறை. அதில் ப, வ போன்ற எழுத்துகள் காலப்போக்கில் ஒன்றுபோலவே தோன்றலாயின. கல்லிலும் ஓலையிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் எழுத்தில் காட்டப்படவில்லை. இந்த வேறுபாட்டைக் கொம்பின் வடிவால் காட்டும் முறையை வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். அதுவரை எழுதப்பட்ட பெயரைச் சரியாகப் படிக்க வேண்டுமானால், பெயருக்கு உரியவரையோ ஊரையோ முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதே நிலை.

பள்ளிக்கூடங்கள் பரவியபோது, எழுதும் அதிகாரம் சேர்க்கைப் பதிவேட்டுக்கு வந்தது. பிரசவங்கள் வீட்டிலேயே நடந்து, பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றாத காலத்தில், கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று கொண்டு, பிறந்த தேதியை ஆசிரியரே எழுதினார். பெயரையும் தம் காதுக்குக் கேட்டபடியோ தமக்குச் சரியென்று பட்டபடியோ எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அதைத் திருத்தச் சொல்ல வழியில்லை. கல்வி தந்த பெரும் நன்மையை மறுக்க இயலாது. ஆயினும் பல தலைமுறைகளின் பெயர்கள் இவ்வாறு உரியவர் கேட்காமலேயே உருமாறின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வரலாற்றில் மிகத் தெளிவாகப் பதிவான நிகழ்வு, 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் சுந்தரம் அய்யருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்த ஆண் குழந்தையைப் பற்றியது. வேங்கடேசுவரன் என்று பெயரிடப்பெற்ற அப்பிள்ளை பள்ளியில் வேங்கடராமன் ஆனதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1896 ஆகஸ்டில் மதுரையில் வீட்டைத் துறந்து செல்லும்போது அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. திருவண்ணாமலையில் பேசாமல் தவமிருந்த அந்த இளைஞரின் பெயரையும் ஊரையும் அறியாத மக்கள், அவரைப் பிராமண சுவாமி என்றே அழைத்தனர். தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கரான வெங்கடராம அய்யர் விடாது வற்புறுத்தியபோது, அவர் தம் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார். ஊர்ப்பெயரில் ழகரத்துக்கு, அரசுப் பதிவுகளில் வழங்கிய 'எல்' எழுத்தை இடாமல், 'இசட்', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளை அவர் இட்டிருந்தார். கணக்கருக்கு அது விளங்கவில்லை. எழுதிய தாளுக்கு அடியில் இருந்த புத்தகம் பெரியபுராணம். அதைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலமாகத் திருச்சுழி குறிக்கப்படும் இடத்தை எடுத்து, தமிழில் அந்த எழுத்து எது என்பதை அவர் காட்டினார்.

தம் பெயரையே கைவிட்டுவிட்ட ஒருவர், ஊர்ப்பெயரின் ஓர் எழுத்து பிழைபடாமல் இருக்க நூலைத் திறந்து சான்று காட்டியது சிறிய செய்தியன்று. எழுத்தருக்குப் பழகிய வடிவத்தைவிட ஊரார் நாவில் இருக்கும் ஒலியே பெயருக்கு அடிப்படை என்ற கருத்து, இப்பகுதிக்காரர் ஒருவரால் இவ்வளவு வெளிப்படையாக நிலைநாட்டப்பட்டதற்கு வேறு சான்று எளிதில் கிடைக்காது. 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருடைய பெயரைச் சுருக்கி ரமண மகரிஷி என்று வழங்க, அதுவே உலகெங்கும் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் தமிழெழுத்துக்குள்ளேயே தேர்வுகள் பெருகின. வடமொழி ஒலிகளைக் குறிக்கும் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை ஏற்பதா, தவிர்ப்பதா என்ற கேள்வி தனித்தமிழ் இயக்கத்தால் வலுப்பெற்றது. பெரியார் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றபின் ணா, றா, னா, லை போன்ற எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. ஐகாரத்தை 'அய்' என்று எழுதும் முறை அந்த ஆணையில் இடம்பெறவில்லை என்றாலும் மக்களிடம் பரவியது. அதனால் கண்மாய்க் கரையில் காவல் நிற்கும் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் ஓர் ஆவணத்தில் ஐயனார் என்றும் இன்னொன்றில் அய்யனார் என்றும் எழுதப்படுவது சாதாரணமாயிற்று.

ஆங்கில வடிவமோ இன்றுவரை ஒரு வழிக்கு வரவில்லை. ஏறத்தாழ 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும்படி 2020 ஜூனில் வெளியான அரசாணை, எழுத்துத் தேர்வு குறித்த கண்டனங்களுக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசே தடுமாறிய இந்த இடத்தில்தான், யாழினி, மகிழன், பூங்குழலி என்று ழகரம் அமைந்த பெயர்களை விரும்பித் தேர்ந்தெடுக்கும் இன்றைய பெற்றோர் மருத்துவமனைப் படிவத்தின் முன் நிற்கின்றனர்.

அவர்களுக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அதில் ஏறும் எழுத்தே மற்ற ஆவணங்களுக்கும் செல்லும். ஆகவே பெற்றோர் அவசரத்தில் வாயால் சொல்லி எழுதவிடாமல், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்களே தாளில் எழுதிக் கொடுத்து, பதிவாளர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.