மூட்டு வலிக்குக் கைரோபிராக்டிக்: பெரியவர்களை அழைத்துப் போவதற்கு முன்

காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றுவதற்கே சில பெரியவர்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. முட்டி மடங்குவதில்லை, இடுப்பு நிமிர்வதில்லை. பல ஆண்டுகள் குனிந்தும் குந்தியும் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள், பட்டணத்தில் நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்த்தவர்கள் என இந்த வலியை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. தைலமும் ஒத்தடமும் உருவி விடுவதுமாக இருந்தவர்களை, இப்போது பிள்ளைகள் கைரோபிராக்டிக் மையங்களுக்கு அழைத்துப் போகிறார்கள்.

அங்கே போகலாமா? வந்திருப்பது எந்த வகை வலி என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். அதை முதலில் மருத்துவரிடம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

கைகளால் மூட்டுகளையும், குறிப்பாக முதுகெலும்பையும் அழுத்தி அசைத்துத் தரும் சிகிச்சை இது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் இதுவும் ஒன்று.

சிகிச்சையின்போது 'டக்' என்று கேட்கும் சத்தம் பலரைப் பயமுறுத்துகிறது. சிலரோ, அந்தச் சத்தம் வந்தால்தான் எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்தது என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வரும் சத்தம் அது. வயதானவர்களுக்கு அப்படி வேகமாகச் சொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மெதுவாக அசைத்துவிடுவது, சிறு கருவியால் இலேசாகத் தட்டுவது போன்ற மென்மையான முறைகளும் உள்ளன.

எந்த மூட்டுவாதம்?

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மூட்டுத் தேய்மானம். மூட்டின் முனையில் உள்ள குருத்தெலும்பு நாளடைவில் தேய்கிறது. காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும். நடந்தால், படியேறினால் வலி கூடும்.

முடக்குவாதம் வேறு வகை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. கை விரல்கள், மணிக்கட்டு போன்ற சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். இதை மருந்தால் அடக்காவிட்டால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிப்போகும். கையால் அழுத்தி இதைக் குணப்படுத்த முடியாது. சிகிச்சைக்குப் பின் வலி குறைந்ததுபோல் தோன்றினாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கை வைத்தியமும் திரும்ப வளர்க்காது. இதைப் பெரியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கீழ் முதுகு வலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவுகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்தில்லா வழிகளில் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறையையும் சேர்த்துள்ளது.

முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நிலைமை வேறு. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தாய்ச்சி, கைத்தடி ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பயிற்சியோடு கை வைத்தியத்தைச் சேர்ப்பதை அது பரிந்துரைக்கவில்லை. இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதல் அதை அனுமதித்தாலும், பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே என்கிறது. ஆக, முட்டி வலிக்காரர் மேசையில் படுத்து எழுந்தால் மட்டும் போதாது. பயிற்சிதான் முதல் மருந்து.

யார் தவிர்க்க வேண்டும்?

* எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள், இலேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள். வேகமான அழுத்தத்தில் எலும்பு முறியக்கூடும்.
* முடக்குவாதம் உள்ளவர்கள் கழுத்தைச் சொடுக்கவே கூடாது. கழுத்தின் மேல் எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம்; தண்டுவடம் நசுங்கும் அபாயம் உண்டு.
* வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள்.
* புற்றுநோய் இருந்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைபவர்கள், இரவில் படுத்தாலும் வலி தீராதவர்கள்.

கால் மரத்துப்போவது, பலமிழப்பது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது ஆகியவை அவசர அறிகுறிகள். மூட்டு சிவந்து சுட, கூடவே காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்துச் சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாவது, தள்ளாட்டம் வந்தால் உடனே 999ஐ அழையுங்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும் நடக்கக்கூடியதே.

மையத்தில் கேட்க வேண்டியவை

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெரியவரின் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவருடைய நோய்களையும் மருந்துகளையும் விசாரிக்காமலே சிகிச்சையைத் தொடங்குபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். கழுத்தைத் தொடுவாரா, எந்த முறையில், எத்தனை முறை வர வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாளே இருபது, முப்பது முறைக்கான பணத்தைக் கட்டச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சில வாரங்களில் நடையிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதே நல்லது. 'மருந்தெல்லாம் இனி வேண்டாம்' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

செலவில்லாத வழி

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவரே பிசியோதெரபிக்கு எழுதித் தருவார். முதலில் அங்கே போனால் வலியின் வகை தெரிந்துவிடும். கைரோபிராக்டிக் பார்ப்பதா இல்லையா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

வீட்டிலும் செய்ய வழி இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. பழகிய பின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். தொடை பலப்பட்டால் முட்டியின் சுமை குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

'வயசானால் அப்படித்தான்' என்று சொல்லி வலியைப் பொறுத்துக்கொள்வது நம் பெரியவர்களின் வழக்கம். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். காலையில் எத்தனை நிமிடம் இறுகிக் கிடக்கிறது, எந்த மூட்டு வீங்குகிறது என்று பிள்ளைகள் விசாரித்து, அதை ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். சரியான சிகிச்சைக்கு அந்தத் தாளே தொடக்கம்.