நுவரெலியாவின் வசந்தமும் லயத்துக் காமனும்



சித்திரை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே நுவரெலியா நகரம் கோலம் பூண்டுவிடும். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்திய அணிவகுப்போடு வசந்த கால விழா ஆரம்பமாகும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் ஓட்டப் போட்டி, வாவியில் படகோட்டம், இரவில் இசை நிகழ்ச்சி என்று மாதம் முழுவதும் கொண்டாட்டந்தான். கொழும்பு வெயிலுக்குத் தப்பி வருவோரின் வாகனங்கள் மலைப்பாதையில் வரிசை கட்டி ஊர்ந்து ஏறும். இக்காலத்துக்கு எல்லோரும் இட்டிருக்கும் பெயர் 'சீசன்'.

அதே சொல்லுக்குத் திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் இன்னொரு பொருளும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வறண்ட காற்று வீசும். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாக வளரும். அப்படி வளர்ந்த கொழுந்தில்தான் திம்புள்ளத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணமும் சுவையும் ஏறும். தேயிலை வணிகர்களுக்கு அதுவே சீசன். அது முடிந்து பங்குனிக் கடைசியில் மழை தொட்டதும் செடிகள் குபீரென்று துளிர்க்கும். ஏப்ரலிலும் மேயிலும் கொழுந்து குவியும். நகரத்துக்கு விருந்தினர் ஓய்வெடுக்க வரும் மாதம், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கூடை நிறைந்து முதுகு வளையும் மாதமாக இருக்கிறது.

இந்த இரண்டு சீசன்களும் பலர் அறிந்தவை. இவற்றுக்கு நடுவே, மாசியிலும் பங்குனியிலும், இந்த மலைகளில் மூன்றாவதாக ஒரு வசந்தம் உண்டு. அதைப் பற்றிப் பேசவே இன்று வந்தேன். அதற்கு முன்பு நகரத்து வசந்தம் எப்படி உண்டானது என்று பார்ப்போம்.

1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் இந்தப் பீடபூமிக்கு வந்து இதன் குளிர்ச்சியைக் கண்டு எழுதினார். அடுத்து வந்த தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், நோயுற்ற வெள்ளைக்காரப் படையினரும் அதிகாரிகளும் உடல் தேறுவதற்கான இடமாக 1820களின் கடைசியில் இதனை உருவாக்கினார். அவர் தமக்கெனக் கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் இங்கே குடியேறி, ஆங்கிலக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து வந்து நடுவதுபோல் பண்ணை அமைத்தார். 1861இல் ஹக்கலையில் சின்கோனா பயிரிடத் தோட்டம் திறந்தார்கள். 1873இல் தேசாதிபதி வில்லியம் கிறகரி காலத்தில் வாவி அமைந்தது. 1876இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கென ஹில் கிளப் எழுந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. 1889இல் கோல்ப் கழகம். 1897இல் விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பூங்கா. 1934இல் மகாகஸ்தோட்டை மலைப்பாதையில் மோட்டார் ஏற்றப் போட்டி.

இந்த ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். விருந்தினர் ஊரைப் பார்க்க வரவில்லை; தம் ஊரைத் தேடி வந்தார்கள். மலரும் குதிரையும் புல்வெளியும் அவர்கள் நாட்டுக் கோடைகாலத்தின் நகல். சித்திரை வெயில் கொழும்பை வாட்டும் சில வாரங்களுக்கு, தாயகத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ள ஓர் அரங்கம் வேண்டியிருந்தது. அந்த அரங்கத்தைப் பராமரிக்கும் கைகள் வேண்டியிருந்தன. குதிரை பிடிக்க, பாத்தி கட்ட, சுமை தூக்கத் தோட்டத்துத் தமிழர் இருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்கள் இல்லை. மகாகஸ்தோட்டை என்பதே ஒரு தேயிலைத் தோட்டம். மோட்டார்கள் ஏறிய பாதையின் இருபுறமும் கொழுந்து மலைகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் போனார்கள். தமிழ், சிங்களப் புத்தாண்டு விடுமுறைக்கு நம் நாட்டு மக்கள் வரத் தொடங்கினார்கள். நல்ல மாற்றந்தான். ஆனால், வந்தவர்கள் மாறிய அளவுக்கு நிகழ்ச்சி நிரல் மாறவில்லை.

இனி மூன்றாவது வசந்தத்துக்கு வருவோம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு ஒரு சிறு வேடிக்கை தோன்றும். தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையுமே பெரும்பொழுதாக வகுத்தார். வேனிலைப் பாலைக்குக் கொடுத்தார். அப்படியிருக்க, மலைநாட்டில் வேனில் விழா எங்கிருந்து வந்தது? வந்தது உண்மை, ஆனால் கப்பலில் வந்த குதிரையோடு மட்டும் வரவில்லை. 1820கள் தொடக்கம், திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக, மன்னார்க் கரையிறங்கிக் காடு கடந்து நடந்துவந்த மக்களின் நினைவிலும் அது வந்தது.

வசந்தத்தின் தோழன் காமன். தமிழில் அவனுக்கு விழா பழையது. கலித்தொகை 'வில்லவன் விழா' என்று அதனைச் சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் காமவேள் கோட்டம் வருகிறது. தேவந்தி கண்ணகியை அங்கே தொழச் சொல்கிறாள், கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்திலேயே, தைத் திங்கள் முழுவதும் நோற்று, மாசியின் முன்னாட்களில் காமனை வழிபடுகிறாள். ஏட்டில் இவ்வளவு இடம்பெற்ற காமன், நாட்டார் வழக்கில் கூத்தாக நின்றான். தஞ்சைப் பக்கத்தில் 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்று பிரிந்து, சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய லாவணி பாடினார்கள். மலையகத்திலோ காமன் கூத்து ஒரு தோட்டமே சேர்ந்து நிகழ்த்தும் பெருவிழாவாயிற்று.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுதோறும் தப்பு ஒலிக்கும். ரதியும் மன்மதனும் வேடம் பூண்டு லயம் லயமாக ஆடி வருவார்கள். அவர்கள் திருமணம் ஊர்த் திருமணமாகவே நடக்கும். பௌர்ணமியை ஒட்டி இறுதி இரவு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் சற்று முன்பின்னாகும். சிவனுடைய தவத்தைக் கலைக்கும்படி தூது வருகிறது. ரதி தான் கண்ட தீய கனவைச் சொல்லித் தடுக்கிறாள், மன்மதன் கேட்பதாயில்லை. தர்க்கம் வளர்கிறது. விடியும் நேரத்தில் காமன் எரிகிறான். அப்போது ரதி பாடும் ஒப்பாரிக்கு, கூடியிருக்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். பின்னர் காமன் உயிர்பெற்று எழுந்த பிறகே விழா நிறைவெய்தும்.

அந்த அழுகையை வெறும் நடிப்பு என்று நான் கொள்ளவில்லை. அழைப்பு வந்தது, போகாதே என்று மனைவி சொன்னாள், கேட்காமல் போனவன் திரும்பவில்லை. காட்டு வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து வந்த ஒரு சமூகம், ரதியின் வாயிலாகத் தன் கதையையே கேட்டிருக்க வேண்டும். இறந்தவன் எழுவான் என்று கூத்து சொல்கிறது. அதைக் கேட்பதற்காகவாவது ஆண்டுதோறும் கம்பம் ஊன்றத்தானே தோன்றும்?

இன்னொரு செய்தி. விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புதான். துரையின் கட்டளையாகக் காலையில் ஒலித்த அதே தோற்கருவி, மாசி இரவுகளில் தொழிலாளியின் சொந்த விருப்பத்துக்கு ஒலித்தது. நாள் முழுவதும் பிறருக்கு உரியதாயிருந்த உடம்பு, இரவில் மன்மதனாகவும் இந்திரனாகவும் வீரபத்திரனாகவும் நிமிர்ந்து நின்றது.

இரு வசந்தங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சில மைல் தூரம், சில வாரக் கால இடைவெளி. ஒன்றுக்கு அச்சிட்ட நிரல் உண்டு, புகைப்படம் உண்டு, வரலாறு உண்டு. மற்றொன்றுக்குக் கூத்து வாத்தியாரின் நினைவும், எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பியும் மட்டுமே. என் மாணவர்களிடம் 'எங்கள் பிரதேசத்தின் வசந்த விழா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மலர்க் கண்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் அழகாக எழுதினார்கள். காமனை எழுதியவர் எவருமில்லை. அவர்களுள் சிலரின் தாத்தாமார் ரதி வேடம் கட்டியவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இது பிள்ளைகளின் குறையன்று. தப்படிப்பதைச் சாதியோடு கட்டிவைத்து இழிவென்று சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். வெள்ளைக்காரர் மீது மட்டும் பழி போட முடியாது. அரசியலும் தன் பங்கைச் செய்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் சட்டத்தின் கண்ணில் தற்காலிகமாக வந்து தங்கியவராயினர். நுவரெலியாவில் ஒரு மாதம் தங்க வந்தவருக்கு வரவேற்பு வளைவு. அங்கேயே பிறந்தவருக்கு 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று வகுத்தது. கூத்து என்பது ஒருவர் தனித்து ஆடுவதன்று. ரதி வேடக்காரர் தலைமன்னாரில் கப்பலேறினால், தப்புக்காரர் நீலகிரிக்குப் போய்விட்டால், மிஞ்சிய மன்மதன் எவருடன் தர்க்கம் செய்வான்? எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 2012இல் நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழராக இருந்தனர் என்று அவ்வாண்டுக் குடிசன மதிப்பீடு கூறியது.

அப்படியானால் காமன் கூத்தை ஏப்ரல் மேடையில் ஏற்றிவிட்டால் போதுமா? நண்பர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பல இரவுகள் வளர்ந்து ஒரு விடியலில் முடிய வேண்டிய கூத்தை, இரண்டு பாட்டுக் கோஷ்டிகளுக்கு இடையே பதினைந்து நிமிடத்தில் ஆடினால், எரிவது காமன் மட்டுமன்று. கூத்தும் சேர்ந்து எரியும்.

இங்கே போர்த்துக்கேயரின் தலைநகரான லிஸ்பனை நினைத்துப் பார்க்கலாம். நம் கரையோரத்தை ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர்களின் நகரம் அது. அங்கே கோடை விழாவென்றால் ஜூன் மாதத்துப் புனித அந்தோனியார் விழா. 12ஆம் திகதி இரவில் நகரின் பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றும் தன் பாட்டோடும் உடையோடும் ஊர்வலம் வரும். 1932 முதல் உள்ள வழக்கம் இது. அல்பாமா போன்ற பகுதிகளின் ஒடுங்கிய தெருக்களில் வீட்டு வாசலிலேயே மத்தி மீன் சுடுவார்கள். உலகெங்குமிருந்து வருவோர் அத்தெருக்களுக்குள் நுழைந்து, அவ்வூர் மக்களோடு நின்று உண்கிறார்கள். அங்கே விருந்தினருக்கென்று தனியாக ஒரு விழா தேவைப்படவில்லை. தெருவில் வாழ்கிறவனின் விழாவுக்கே விருந்தினர் போகிறார்கள். அவ்வழக்கத்துக்கும் அரசியல் நிறம் பூசியவர்கள் உண்டு, வணிகமும் புகுந்தது. ஆயினும் விழாவின் சொந்தக்காரர் யாரென்பதில் ஐயமில்லை.

நமக்கும் அதுவே முறை. மாசியில் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு விருந்தினர் வரட்டும். கம்பளி போர்த்திக்கொண்டு, சாயத்தண்ணீர் குடித்து, விடியும்வரை உட்கார்ந்திருக்கட்டும். நகரத்து நிகழ்ச்சி நிரலில் தோட்டத்தின் பெயரும் நாளும் அச்சாகட்டும். ஆடுமிடம் லயத்து முன்வெளியாகவே இருக்கட்டும். சீதா எலியக் கோயிலுக்கு இந்திய யாத்திரிகர் திரள்திரளாக வருவதைக் காண்கிறோம். தோட்டத்து மக்களின் வழிபாட்டிடத்தைத் தேடி உலகம் வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்கு முன்பு நாம் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டினார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளை ஆராய்ந்து எழுதினார். அவர்கள் போட்ட பாதையில் நடக்கப் பெரிய பட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் முன்பு காமன் ஆடிய பெரியவர் எவராவது இருந்தால், இந்த மாதமே போய்ப் பாருங்கள். ரதி தர்க்கம் முழுவதும் அவருக்குப் பாடமா என்று கேளுங்கள். அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். கொப்பி இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், கற்பித்த வாத்தியாரின் பெயர், கடைசியாக ஆடிய ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். பாடசாலை ஆசிரியர்கள் இதை ஒரு தவணை வேலையாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தாத்தாவிடம் கேட்டு வருவது அவர்களுக்கும் பிடிக்கும். அடுத்த மாசிப் பிறைக்குள் பத்துத் தோட்டத்துக் கொப்பிகள் கைக்கு வந்தாலும் போதும், ஒரு நல்ல பதிப்பு தொடங்கிவிடலாம்.